பசுமை பிரேக்கின் நிற்காத சாதனை

சக்கரத்தைக் கண்டுபிடித்ததை மனிதகுலத்தின் பெரிய சாதனை என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் புகழ்கின்றன. ஓட விடுவது யாராலும் முடியும். ஓடுவதைப் பூமித்தாய்க்கு நோகாமல் நிறுத்துவதுதான் நாகரிகம். அந்த நாகரிகம் பிறந்தது நைல் நதிக்கரையிலோ சிந்துச் சமவெளியிலோ அல்ல. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலோவுக்கு அருகே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், தகரக் கூரைக்குப் பச்சைச் சாயம் பூசி நிற்கும் எங்கள் 'பசுமை உராய்வு உயராய்வு மைய'த்தில்தான் பிறந்தது. பெயரை வேகமாகச் சொல்லிப் பார்க்க வேண்டாம். திறப்பு விழாவில் அப்படிச் சொல்ல முயன்ற பிரமுகர் ஒருவருக்கு நாக்கு கடிபட்டு, விருந்தில் வெறும் தயிர்ச்சோறுதான் சாப்பிட முடிந்தது.

நான் அந்த மையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. எனக்கு விஞ்ஞானம் தெரியாது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது.

வண்டியை நிறுத்த பிரேக்கை மிதிக்கிறோம். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் கட்டை ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த தூளில் செம்பு உண்டு, வேறு சில பாதகங்களும் உண்டு. மழை அதைச் சாக்கடைக்கு அனுப்புகிறது, சாக்கடை ஆற்றுக்கு அனுப்புகிறது, ஆற்று மீன் நம் தட்டுக்கு வருகிறது. ஆக, சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்ற பாவத்தை மத்தியானக் குழம்பில் அனுபவிக்கிறோம். இதற்கு மாற்றாக, இயற்கை நாரையும் ஆலைக் கழிவையும் கொண்டு பிரேக் கட்டை செய்வதே எங்கள் மையத்தின் இலட்சியம். 'கழிவு' என்ற சொல் விருந்தினர்களுக்கு முகச்சுளிப்பைத் தந்ததால், எங்கள் கையேட்டில் அதை 'தொழில்துறையின் அன்பளிப்பு' என்று நான்தான் மாற்றினேன்.

இந்த இலட்சியத்துக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர் ஜெரால்டின். சிகாமட்டைச் சேர்ந்தவர். பொருளறிவியலில் பட்டம் வாங்கியவர். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசை மேசையாகத் தேடுவார். தோற்றுப்போன கட்டைகளுக்கு அவர் பெயர் வைப்பதுண்டு. உடைந்து போனது 'ரொட்டி', புகைந்து போனது 'சித்தப்பா'. இப்படி வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஒருவரை மையம் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதே அதன் பெருந்தன்மைக்குச் சான்று.

வந்த சில மாதங்களிலேயே அவர் ஒரு கட்டையைச் செய்துவிட்டார். ஆலையில் பழத்தை உதிர்த்த பின் மிஞ்சும் செம்பனை வெறுங்குலையின் நார், கொட்டை ஓட்டுத் தூள், கொதிகலன் சாம்பல், இரும்பு உருக்காலையின் கசடு, இவற்றை ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பிசின். எல்லாவற்றையும் சூட்டில் அழுத்தி எடுத்துத் தம்முடைய காரில் பொருத்திக்கொண்டு, மழையில் சிகாமட் வரை போய் வந்தார். கார் நின்றது. ஒவ்வொரு விளக்கிலும் நின்றது. ஆடு குறுக்கே வந்தபோதும் நின்றது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. கட்டை வேலை செய்துவிட்டதால் அதைப் பற்றிக் கூட்டம் போட எங்களுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

எங்கள் இயக்குநர் டாக்டர் ரூபேந்திரன் இதைச் சும்மா விடுபவர் அல்லர். அவருடைய முனைவர் பட்டம் 'பயனுள்ள கூட்டங்களைப் பயனுள்ள வகையில் நீட்டிப்பது' பற்றியது. 'தங்கத் தளிர்' என்ற விருதின்மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. நூறு விழுக்காடு இயற்கையான பொருளுக்குத்தான் அந்த விருது. வண்டி நிற்க வேண்டும் என்று விதிமுறையில் எங்கும் இல்லை. நானே படித்துப் பார்த்தேன்.

முதல் கூட்டத்தில் டாக்டர் பிசின் புட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"இது கெமிக்கல்தானே?"

"ஆமா டாக்டர். அது இல்லன்னா சூட்டுல எல்லாம் உதிர்ந்திடும்," என்றார் ஜெரால்டின்.

"இயற்கையில ஒட்டுற பொருளே கிடையாதா?"

இதற்கு விடை கண்ட பெருமை என்னைச் சேரும். சுவரொட்டி ஒட்டுவதற்கு நாங்கள் மரவள்ளிக் கஞ்சிதான் காய்ச்சுவோம், சுவரே பெயர்ந்தாலும் தாள் பெயராது என்றேன். டாக்டர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ஜெரால்டின் மட்டும் என்னை விநோதமாகப் பார்த்தார். மேதைமையைச் சந்திக்கும்போது சிலர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் கசடு போயிற்று. அந்தச் சொல்லைக் கையேட்டில் அச்சடித்தால் பார்ப்பவர்களுக்குக் கை கழுவத் தோன்றும் என்று கருதப்பட்டது. அதன் இடத்தில் மூவாரிலிருந்து மரத்தூள் வந்தது. 'டத்தோ' என்ற அரசுப் பட்டத்தாலேயே அழைக்கப்படும் எங்கள் ஆலோசகருக்கு மூவாரில் சோபாத் தொழிற்சாலை இருப்பதும், அங்கே மரத்தூள் மலைபோல் குவிந்து கிடந்ததும் தற்செயல். அதற்கடுத்த கூட்டத்தில், சுபகாரியத்தில் சாம்பல் எதற்கு என்று யாரோ கேட்டதால் சாம்பல் நீங்கி, அன்னாசி இலை நாரும் அன்னாசிச் சக்கையும் சேர்ந்தன. இத்தனை மாற்றத்துக்குப் பிறகு கட்டை வெளிறிப்போய் நோயாளிபோல இருந்தது. பிரேக் என்றால் கறுப்பாக, கம்பீரமாக இருக்க வேண்டாமா? நிறத்துக்காகக் குலா மெலாக்கா வெல்லம் காய்ச்சி ஊற்றினோம்.

கடைசிக் கூட்டம் முடிந்தபோது எங்கள் பிரேக் கட்டை நூறு விழுக்காடு பசுமையாகவும், ஏறக்குறைய பலகாரமாகவும் இருந்தது.

அதை ஜெரால்டின் சோதனை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டார். கட்டை சூடேறியதும் மையம் முழுவதும் தீபாவளிக்கு முதல் நாள்போல மணத்தது. கணக்குப் பிரிவிலிருந்து தட்டோடு வந்துவிட்டார்கள். இயந்திரம் என்னவோ நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டர் கண்ணை மூடி அந்த வாசனையை உள்ளே இழுத்து, நறுமணமும் ஒரு செயல்திறன்தான் என்று அறிவித்தார்.

"டாக்டர், இது நிக்காது," என்றார் ஜெரால்டின்.

"நெகட்டிவா பேசக்கூடாதும்மா. 'நிற்பதை நோக்கிப் பயணிக்கிறது'ன்னு சொல்லணும்."

"பயணிக்கிறதுதான் டாக்டர் பிரச்சினையே."

சோதனையில் 'நிற்கும் தூரம்' என்றொரு கணக்கு உண்டு. மிதித்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது. எங்கள் கட்டைக்கு அந்தத் தூரம் மிகத் தாராளமாக இருந்தது. கையேட்டில் அதைப் 'பயணிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் பயணம்' என்று குறிப்பிட்டேன்.

வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மையத்தின் பின்னால் ஒரு மேடு. அதன் உச்சியில் பட்டறை. அங்கிருந்து தோட்டத்துச் சாலை இறங்கி, திடலைத் தொட்டு, கொஞ்ச தூரத்தில் பெரிய சாலையில் போய்ச் சேரும். பழக்குலை ஏற்றிய லாரிகள் பறக்கும் சாலை அது. திடலில் மேடை. மேடைக்கு முன்னால் சாலையில் ஒரு வெள்ளைக் கோடு. மையத்தின் பேருந்து டத்தோவையும் விருந்தினர்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்து, அந்தக் கோட்டில் பசுமையாக நிற்க வேண்டும். இதுதான் நிகழ்ச்சி நிரல்.

பின் சக்கரத்துக்காவது பழைய கட்டையை விட்டுவைக்கும்படி ஜெரால்டின் கேட்டார். அப்படிச் செய்தால் ஐம்பது விழுக்காடுதான் பசுமை என்றாகிவிடும் என்று டாக்டர் வருத்தத்தோடு மறுத்தார். கைப்பிரேக்கையாவது விடுங்கள் என்று கேட்டார். கைப்பிரேக் செய்த பாவம் என்ன, அதுவும் பசுமையாகட்டும் என்றார் டாக்டர். விழாவையே தள்ளிப்போடலாம் என்று கேட்டபோது, டாக்டர் என்னைப் பார்த்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றேன். விஞ்ஞானத்தில் அதற்குமேல் வாதம் இல்லை.

ஜெரால்டின் அதன் பிறகு வாதாடவில்லை. நேராகப் பக்கத்துச் செம்பனை ஆலைக்குப் போய், அங்கே மேற்பார்வையாளராக இருந்த மணியத்திடம் பேசி, லாரி லாரியாக வெறுங்குலைகளை வரவழைத்தார். சாலையின் முனையில், பெரிய சாலைக்குச் சற்று முன்னால், வழியை அடைத்துக் குவிக்கச் சொன்னார். ஈரமும் நாருமாக, ஆள் ஏறினால் இடுப்புவரை புதையும் குவியல். இது எதற்கு என்று கேட்டேன். "டெக்கரேஷன்," என்றார். மூலப்பொருளுக்கும் மரியாதை வேண்டும்தானே என்று நானும் அதன் உச்சியில் ஒரு கொடியை நட்டுவிட்டு வந்தேன்.

விழா நாள் விடிந்தபோது மழை. பட்டறைக்கு வெளியே நின்ற பேருந்தை நான் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் எறும்பு. வெல்லத்தின் செய்தி தோட்டம் முழுவதும் பரவி, கறுப்பெறும்பு, சிவப்பெறும்பு, பேர் தெரியாத எறும்பு என்று எல்லாம் வரிசை கட்டிச் சக்கரத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் இதைக் கண்டு நெகிழ்ந்துபோய், உயிரினங்கள் நம்பி அண்டுகிற உலகின் முதல் பிரேக் என்றார். மழைத் தண்ணீர் பட்ட இடத்தில் சக்கரத்திலிருந்து கொழகொழவென்று ஏதோ வடிந்தது. தொட்டுப் பார்த்தேன். கஞ்சி. பதமாகத்தான் இருந்தது.

ஓட்டுநர் செல்வராணி புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். நாளிதழில் படம் வரும் என்று நான் சொல்லியிருந்தேன். எந்தப் பக்கம் முகம் காட்டினால் நன்றாக இருக்கும் என்பதே அவருடைய கவலை. பேருந்தில் டத்தோ முன்வரிசையில் அமர்ந்தார். பின்னால் வரவேற்புப் பாட்டுக்கு மகளிர் குழு. அதில் என் மனைவி செல்லமும் ஒருத்தி, கையில் பச்சைக் கொடி. கதவு மூடும் நேரத்தில் ஜெரால்டின் ஓடி வந்து ஏறிக்கொண்டார். அழைப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கீழே மேடையில் ஒலிபெருக்கியோடு நின்றேன். டாக்டர் கையில் மாலை. மழை விட்டு, வெயில் வந்து, திடல் பளபளத்தது. மேட்டின்மேல் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கற்களை எடுத்தார்கள். வரலாறு உருளத் தொடங்கியது.

அடுத்து உள்ளே நடந்ததைச் செல்லம் பிறகு சொல்லித்தான் தெரியும். பாதி மேடு இறங்கியதும் செல்வராணி பிரேக்கை மிதித்திருக்கிறார். மறுபடி மிதித்திருக்கிறார். பிறகு சேலையை முழங்காலுக்குமேல் இழுத்துக்கொண்டு, இரண்டு காலாலும் மிதித்திருக்கிறார்.

"என்னக்கா?" என்றார் ஜெரால்டின்.

"மிதிக்கிறேன். உள்ள போவுது. ஒண்ணையும் பிடிக்கல."

"சரி. கியரக் கொறச்சிக்கிட்டே வாங்க. மேடையப் பாக்காதீங்க. நேரா போயி அந்தக் குலைக் குவியல்ல வுடுங்க."

"பஸ்ஸையா?"

"பஸ்ஸைத்தான்க்கா. நான் இங்கதான் நிக்கிறேன்."

செல்வராணி ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆரனை நாங்கள் மங்கல இசையாக எடுத்துக்கொண்டோம். கியரைக் குறைத்ததால் பேருந்து அரச ஊர்வலம்போல நிதானமாக இறங்கியது. ஆனால் நிதானம் வேறு, நிற்பது வேறு என்பது வெள்ளைக் கோட்டை அது நெருங்கியபோது எங்களுக்குப் புலப்படத் தொடங்கியது. மக்கள் தொடர்பு அதிகாரி ஒருவன் தடுமாறாமல் இருக்க வேண்டிய தருணம் அதுதான்.

"இதோ, நிற்கிறது," என்று அறிவித்தேன். முன் சக்கரம் கோட்டைத் தாண்டியது. "நிற்கும் தறுவாயில் இருக்கிறது." பின் சக்கரமும் தாண்டியது. "கோடு போட்டு நிறுத்த முடியாத சாதனை, அன்பர்களே." கூட்டம் கைதட்டியது.

டத்தோ சன்னல் வழியே கையாட்டிக்கொண்டே போனார். மாலையை வீணாக்க மனமில்லாத டாக்டர் மேடையிலிருந்து குதித்து, பேருந்தோடு கூடவே ஓடி, நீட்டிய டத்தோவின் கையில் அதை மாட்டிவிட்டார். ஓடுகிற வண்டிக்கு மாலை போட்ட முதல் இயக்குநர் அவராகத்தான் இருக்கும். மகளிர் குழு பாட்டை நிறுத்தவில்லை. பயத்தில் சுருதி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசிச் சன்னலில் செல்லத்தின் தலை வெளியே வந்தது.

"ஏங்க, நிக்கலங்க."

"பயணிகளின் உற்சாகக் குரலைக் கேளுங்கள்," என்றேன் ஒலிபெருக்கியில்.

பேருந்து சாலையின் முனைக்குப் போய், வெறுங்குலைக் குவியலுக்குள் மூக்கை நுழைத்தது. சத்தமே இல்லை. தலையணையில் தலை வைப்பதுபோல மெல்ல, முன்கண்ணாடிவரை புதைந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. குவியலின் உச்சியிலிருந்த என் கொடி பேருந்தின் கூரைமேல் விழுந்தது. அதே நொடியில், குவியலுக்கு அந்தப் பக்கம், பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று பெரிய சாலையை அதிரவைத்துக்கொண்டு பறந்தது.

அந்த லாரியைத் திடலில் யாரும் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் செல்வராணியும் ஜெரால்டினும்தான். செல்வராணி இறங்கிவந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியவில்லை. ஜெரால்டின் அதை வாங்கித் திறக்கப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஜெரால்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டத்தோ தோளில் நாரோடு இறங்கினார். "ஸ்மூத் லா ரூபேந்திரன். நின்னதே தெரியல," என்றார். டாக்டரின் கண்கள் பனித்தன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லம் என்னிடம் வந்தாள். நான் அப்போதும் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தேன்.

"மைக்கக் கீழ வைங்க," என்றாள். அவ்வளவுதான். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் அவ்வளவுதான்.

மறுநாள் பத்திரிகை அறிக்கையை டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆள் நிறைந்த பேருந்து ஒன்றை நேற்று நிறுத்தியது முழுக்க முழுக்கச் செம்பனை நார். அதில் ஒரு சொட்டு இரசாயனமும் இல்லை. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் மையம் வெளியிட்டதிலேயே உண்மையான அறிக்கை அதுதான். குவியலுக்கு 'வெளிப்புற இரண்டாம் கட்ட நிறுத்த அமைப்பு' என்று பெயர் சூட்டினோம். 'தங்கத் தளிர்' விருது வந்து சேர்ந்தது. விருது விழா மேடையில் டத்தோ உணர்ச்சிவசப்பட்டு, எங்கள் கட்டையை இனிப் பள்ளிப் பேருந்துகளுக்கும் பொருத்தலாம் என்றார். சாலை முனைதோறும் குலை குவிப்பதற்கான திட்டவரைவு இப்போது பரிசீலனையில் இருக்கிறது. அதைக் குவிக்கும் ஒப்பந்தம் யாருக்கு என்பதில் மட்டும் சின்ன இழுபறி.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு விசாரணை வைப்பதுதான் முறை. டாக்டர் தலைமையில் குழு அமைந்தது. அது விரைவாகவே உண்மையைக் கண்டறிந்தது. விழாத் திடலருகே அனுமதியின்றி மூலப்பொருளைக் குவித்தது, அதன் மூலம் மையத்தின் தயாரிப்பு நிற்காது என்று முன்கூட்டியே ஐயப்பட்டது, பட்டியலில் பெயர் இல்லாமல் பேருந்தில் ஏறியது, ஏறிய பிறகு ஓட்டுநரிடம் மேடையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி விருந்தினர்களை அவமதித்தது. எல்லாம் ஒரே ஆள்.

ஜெரால்டின் குழுவின் முன் வந்து நின்றார். குவியலைப் போட்டது நீங்கள்தானா என்று கேட்கப்பட்டது. ஆமாம் என்றார். ஏன் என்று கேட்கப்பட்டது. அவர் எங்களை வரிசையாகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் பார்வை நின்றது.

"அண்ணே, அன்னிக்கு பஸ்ஸு உங்க முன்னாலதான போச்சு. செல்லம் அக்காவும் உள்ள இருந்தாங்க. கண்ணால பாத்துக்கிட்டே எப்படிண்ணே 'நிற்கிறது'ன்னு சொன்னீங்க?"

கேள்வி விசாரணை வரம்புக்கு உட்பட்டதல்ல என்று டாக்டர் தீர்ப்பளித்தார். நான் நன்றியோடு தலையசைத்தேன்.

அவர் மேசையைக் காலி செய்துகொண்டு, அந்த முதல் கட்டை பொருத்திய தம் காரிலேயே போய்விட்டார். சிகாமட் போகும் சாலையில் அந்தக் கார் இன்னும் ஒவ்வொரு விளக்கிலும் நிற்கிறது என்று கேள்வி. அது எங்கள் பொறுப்பல்ல.

ஆண்டறிக்கைக்காக மையத்தின் சாதனைகளை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரிகள் சிலர், உங்கள் மையம் இதுவரை எதைத்தான் நிறுத்திக் காட்டியது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதைப் பதிவு செய்கிறேன். வழுக்காமல், புகையாமல், கஞ்சி வடியாமல், நாங்கள் ஓங்கி மிதித்த மாத்திரத்தில் நின்றது ஒன்று உண்டு: ஜெரால்டினின் வேலை.